இடுப்பு நாடாவும் ஆறாத புண்ணும்: தோல் புற்றுநோய்ச் சேவை எப்படி அமைய வேண்டும்?

சங்க மலரில் மருத்துவக் கட்டுரை என்றால் டாக்டர்கள் எழுதுவதுதான் வழக்கம். நான் டாக்டர் இல்லை. பிம்ப்ரியில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, 2015இல் ஓய்வு பெற்றவன். ஒரு பாகம் எந்த மிஷினில் எத்தனை நிமிடம் இருந்தது, எந்த மூலையில் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று கணக்கெடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தக் கணக்கை ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை 2018இல் வந்தது. அந்த நோயாளி என் சித்தி.

சித்திக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கட்கிக்கு வந்தவர். சித்தப்பா கட்கி பஜாரில் இட்லிக் கடை வைத்திருந்தார். சித்தி நாற்பது வருடம் மாவரைத்து, அடுப்படியில் நின்று, வேர்வையோடு வேர்வையாகக் குடும்பத்தைக் கரையேற்றினார். அவருடைய வலது இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், காசு அகலத்துக்கு ஒரு புண் வந்தது. ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் நான் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்ததோடு சரி. அந்தக் குற்றம் என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு மூன்று அளவுகளைச் சொல்கிறார். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலத்தின் அளவு. இம்மூன்றையும் எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது 949ஆம் குறளின் கருத்து. அடுத்த குறளில் மருத்துவத்தின் நான்கு அங்கங்களை எண்ணும்போதும் நோயுற்றவனைத்தான் முதலில் வைக்கிறார். மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவன் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதையே மேல்நாட்டார் ‘நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவம்’ என்கிறார்கள். 1969இல் இங்கிலாந்தில் இனிட் பாலிண்ட் என்ற உளவியல் அறிஞர் இந்தச் சொல்லாட்சியைக் கையாண்டார். 2001இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, நல்ல மருத்துவ சேவைக்கான ஆறு இலக்கணங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. வள்ளுவர் சொன்ன அந்த மூன்று அளவுகளை வைத்தே இந்த விஷயத்தைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நோயிலிருந்து தொடங்குகிறேன்.

நோயின் அளவு

தோல் புற்றுநோய் என்றதும் பேப்பர் படிப்பவர்கள் ‘அது வெள்ளைக்காரனுக்கு வருவது’ என்பார்கள். இதில் பாதி உண்மை. நம் தோலில் உள்ள மெலனின் என்ற கருநிறப் பொருள் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. வெளுத்த தோல்காரர்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் இந்நோய் மிக அதிகம். அங்கே 1981லேயே ‘சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை’ என்று பெரிய பிரசாரமே நடத்தினார்கள். நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆனால் நமக்கு வருகிற தோல் புற்றுநோயில் கணிசமான பகுதிக்கு வேறு கதை இருக்கிறது. ஆறாத புண்ணிலும் பழைய தழும்பிலும் அது பிறக்கிறது.

தோல் புற்றுநோயில் மூன்று முக்கிய வகைகள் உண்டு. முதலாவது, தோலின் அடி அடுக்குச் செல்களில் தொடங்குவது. பெரும்பாலும் முகத்தில், மெதுவாக வளரும். மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். இரண்டாவது, மேலடுக்கின் தட்டைச் செல்களில் தொடங்குவது. நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படுவது இதுதான். கவனிக்காமல் விட்டால் நெறி கட்டும் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். மூன்றாவது மெலனோமா. நிறமிச் செல்களில் தொடங்குவது. எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். நம்மவர்களுக்கு அது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் வருவதுண்டு. காலில் புதிதாக ஒரு கரும்புள்ளி வந்து பரவினால், ‘முள் குத்தியிருக்கும்’ என்று விட்டுவிடக் கூடாது.

பழைய தழும்பில் வரும் புண்ணை 1828இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜொலின் விவரித்தார். அதனால் தழும்பில் தோன்றும் புற்றுப் புண்ணுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஸ்டவ் வெடித்துச் சுட்ட தழும்பு, ஒட்டுத்தோல் வைக்காமல் தானாக மூடிய பெரிய காயம், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வருடக்கணக்கில் ஆறாத குழிப்புண் ஆகியவை இதற்கு விளைநிலங்கள். தழும்புக்கும் புற்றுக்கும் நடுவே பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடும். ஆகையால் நோயாளிக்கே இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றாது.

இன்னொரு விளைநிலம் நாம் தினமும் செய்யும் பழக்கம். 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களின் விதைப்பைத் தோலில் வரும் புற்றுக்கு அங்கே படியும் கரிதான் காரணம் என்று காட்டினார். செய்யும் தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலாகத் தெளிவானது அப்போதுதான். காஷ்மீரில் குளிருக்காக உடைக்குள் கங்கடி என்ற தணல் சட்டியை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றைப் பற்றி எல்ம்ஸ்லி என்ற மிஷன் டாக்டர் 1866இலேயே எழுதினார்.

நம் மகாராஷ்டிரத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. மும்பை பரேலில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்தவர் டாக்டர் வி.ஆர். கானோல்கர். அவரும் சூர்யாபாய் என்ற ஆய்வாளரும் 1945இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், பழக்கவழக்கங்களால் இந்தியாவில் வரும் புற்றுநோய்களைப் பற்றி எழுதினார்கள். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் ‘வேட்டிப் புற்று’ அதில் ஒன்று. பின்னாளில், 2000க்குப் பிறகு, மும்பை மருத்துவர்கள் ‘சேலைப் புற்று’ என்ற பெயரில் பெண்களுக்கு வருவதை எழுதினார்கள். கடைசியாக 2024இல் வர்தா மருத்துவர்களும் பீகார் மதுபனி மருத்துவர்களும் சேர்ந்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் வெளியீடு ஒன்றில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு எழுபது வயது. பாவாடை நாடா இறுகிய பக்கவாட்டில் பதினெட்டு மாதமாகப் புண். இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர். நாற்பது வருடமாகப் பாவாடை இல்லாமல் ‘லுகடா’ புடவையை இடுப்பில் இறுகக் கட்டியவர். இரண்டு வருடமாகப் புண், தொடையிடுக்கு நிணநீர்க் கணுவுக்கும் பரவியிருந்தது. இதைப் படித்தபோது என் சித்தியைப் பற்றியே எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றியது.

இது வரும் விதம் இப்படி. நாடா தினமும் ஒரே இடத்தில் அழுத்துகிறது, உரசுகிறது. வேர்வையும் தூசியும் அங்கே தங்குகின்றன. முதலில் அரிப்பு, கருப்பு, செதில். பிறகு நிறம் வெளுக்கும், தோல் மெலியும், வெடிப்பு விழும். வெடிப்பு ஆறும், மறுபடி உரசும், மறுபடி விழும். தோல் செல்கள் ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கும்போது, என்றோ ஒரு நாள் கட்டுப்பாடு தவறிவிடுகிறது. இடுப்பில் நாடாத் தடம் உள்ள பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். புற்றாக மாறுவது மிகச் சிலருக்கே. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆறாத வெடிப்பை அலட்சியம் செய்யவும் கூடாது. புண்ணின் விளிம்பு தடித்துச் சுருண்டால், தொட்டால் ரத்தம் கசிந்தால், பூக்கோசு மாதிரி சதை வளர்ந்தால், துர்நாற்றம் வந்தால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

டாக்டர் செய்ய வேண்டியது பெரிய மந்திரம் இல்லை. புண்ணின் விளிம்பிலிருந்து ஒரு சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பயாப்ஸி என்பது இதுதான். ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப் போடும் மாதங்களில்தான் பரவுகிறது. புற்று என்று தெரிந்தால் சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிறார்கள். கணுக்களில் பரவியிருந்தால் அவற்றையும் எடுத்து, தேவைப்பட்டால் கதிர்வீச்சும் தருகிறார்கள். ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும்.

காலத்தின் அளவு

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். சித்தியை முதன்முதலாக டாக்டரிடம் அழைத்துப் போன நாள் 2018 ஜூன் 11. அறுவை சிகிச்சை நடந்த நாள் 2019 ஜனவரி 17. நடுவில் 220 நாட்கள். என் பழைய வேலைப் புத்தியில் ஒரு நோட்டில் தேதி வாரியாகக் குறித்துக்கொண்டே வந்தேன். அது இப்படிப் பிரிந்தது.

முதல் 96 நாட்கள் களிம்புகளில் போயின. ஒரு டிஸ்பென்சரியில் படர்தாமரை என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பு, இன்னொன்றில் சர்க்கரைப் புண் என்று ரத்தப் பரிசோதனை. செப்டம்பர் 15இல் ஒரு பெரிய மருத்துவமனையில் கேஸ் பேப்பர் போட்டோம். தோல் பிரிவிலிருந்து சர்ஜரி பிரிவு, அங்கே ‘இன்னைக்கு இல்ல, வியாழக்கிழமை வாங்க’. இப்படி 19 நாட்கள் கழித்து அக்டோபர் 4இல் துணுக்கு எடுத்தார்கள். முடிவு கைக்கு வர 25 நாட்கள். ரிப்போர்ட் எந்த மேஜையில் இருக்கிறது என்று தேடியதிலேயே பாதி போனது. புற்று என்று தெரிந்த பிறகு, கண்ணாடிச் சில்லை இன்னொரு இடத்தில் காட்டி ஊர்ஜிதம் செய்யவும் ஸ்கேன் எடுக்கவும் 25 நாட்கள். அரசு காப்பீட்டுத் திட்டத்தின் பேப்பர்களுக்கு 35 நாட்கள். மயக்க மருந்து டாக்டரின் சம்மதத்துக்கும் தியேட்டர் தேதிக்கும் 20 நாட்கள். கூட்டிப் பாருங்கள், 220 வரும்.

இத்தனை நாட்களில் ஒரு டாக்டரோ நர்ஸோ டெக்னீஷியனோ சித்தியின் உடம்பைக் கவனித்த நேரத்தை மட்டும் தனியாகக் கூட்டினேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம். மற்றதெல்லாம் காத்திருப்பு. தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒரு பாகம் உருவாகப் பத்து நாள் ஆனால் அதில் வேலை நடப்பது பத்து நிமிடமாக இருக்கும். தொழிலாளியை ‘சீக்கிரம் செய்’ என்று விரட்டினால் பத்து நிமிடம் எட்டாகும். பத்து நாள் அப்படியே இருக்கும். காத்திருப்பைக் குறைக்க வேண்டுமென்றால் வழியை மாற்ற வேண்டும். சித்தியைப் பார்த்த டாக்டர்களில் பலர் மிக நல்லவர்கள். சாப்பிட நேரமில்லாமல் நூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறை ஆட்களிடம் இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடைவெளிகளில் இருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. இரும்புப் பாகம் மூலையில் கிடந்தால் துரு மட்டும்தான் பிடிக்கும். சித்தியின் புண் வளர்ந்துகொண்டிருந்தது. ஜூனில் தொடையிடுக்கில் ஒன்றும் இல்லை. டிசம்பரில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அதனால் இடுப்புப் புண்ணோடு கணுக்களையும் எடுத்து, கதிர்வீச்சும் தர வேண்டியதாயிற்று. அன்று முதல் அவருடைய வலது கால் வீங்கித்தான் இருக்கிறது. அந்த வீக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் நோட்டுப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நோயாளியின் அளவு

ஒரு நாள் கேஸ் பேப்பர் வரிசையில் நிற்கும்போது சித்தி கேட்டார்: “ஏல, ஒரு புண்ணுக்கு இத்தன சீட்டா? சீட்டப் பாக்காவளே தவிர ஒருத்தரும் என்னைய பாக்கலியே.”

அவர் சொன்னது சரி. ஏழெட்டு பேர் புண்ணைப் பார்த்தார்கள். ‘புடவையை எங்கே கட்டுறீங்க, எத்தனை இறுக்கம்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் கடைசியில் கட்டு மாற்றிய ஒரு மராத்தி நர்ஸ். “மாவ்ஷி, நாடா இதுக்கு மேலேயா கட்டுறீங்க?” என்று கையால் காட்டிக் கேட்டார். மராத்தியில் மாவ்ஷி என்றால் அம்மாவின் சகோதரி, நம் சித்திதான். அந்த ஒரு கேள்வியில் விஷயம் வெளியே வந்தது. புண்மேல் துணி வைத்து, அதன்மேலேயே தினமும் நாடாவை இறுக்கிக் கொண்டிருந்திருக்கிறார். பகலில் போட்ட மருந்தை அடுத்த நாள் நாடா தேய்த்து எடுத்துவிடும். ‘புடவை அவுந்துடும்’ என்ற பயம். அதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

புண் இருக்கும் இடமும் ஒரு காரணம். இடுப்பில் வந்த புண்ணைக் காட்ட வேண்டுமென்றால் புடவையைத் தளர்த்த வேண்டும். நாலு மாணவர்கள் சுற்றி நிற்க, கதவில்லாத அறையில், மொழி தெரியாத இடத்தில். சித்தி கடை மராத்தி பேசுவார். காய்கறி பேரம் பேச அது போதும். ‘கசியுது, சுருக்கு சுருக்குன்னு குத்துது’ என்பதை மராத்தியில் சொல்ல அவருக்கு வரவில்லை. ஒன்றரை வருடம் மறைத்ததற்கு இதுவே காரணம் என்று பின்னால் சொன்னார்.

அடுத்தது பெயர். நாமெல்லோரும் மகாராஷ்டிரத்தில் பட்ட பாடு இது. இங்கே எந்தப் படிவத்திலும் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். சித்திக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், கேசரி நிற ரேஷன் கார்டில் சித்தப்பாவின் பெயர் பின்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் நடுவில். மூவரும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்கத்தான் அந்த 35 நாட்கள். புற்று வளர்ந்துகொண்டிருக்க, நான் அஃபிடவிட்டுக்கு நோட்டரியைத் தேடி அலைந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் சித்திக்கு சிகிச்சையே நடந்திருக்காது. ராஜீவ் காந்தி பெயரில் 2012இல் எட்டு மாவட்டங்களில் தொடங்கி, 2013இல் மாநிலம் முழுவதும் வந்து, 2017இல் மகாத்மா ஜோதிராவ் புலே பெயருக்கு மாறிய திட்டம் அது. அன்று குடும்பத்துக்கு வருடம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை என்றிருந்த உச்சவரம்பு பிற்பாடு ஐந்து லட்சமாக உயர்ந்தது. மருத்துவமனையில் அதற்கென ‘ஆரோக்யமித்ரா’ என்ற உதவியாளர் உட்கார்ந்திருப்பார். பேப்பர் சரியாக இருந்தால் அவர் உண்மையிலேயே மித்திரர்தான்.

வழி மாற்றுவது எப்படி?

வேறிடங்களில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தின் தேசிய மருத்துவத் தர நிறுவனம் 2006இல் தோல் கட்டி நோயாளிகளுக்கான சேவை பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரம் எளிது. தோல் மருத்துவர், அறுவை மருத்துவர், நோய்க்கூறு ஆய்வாளர், கதிர்வீச்சு மருத்துவர், சிறப்பு நர்ஸ் ஆகியோர் ஒரு குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். சாதாரண கேஸ் உள்ளூர்க் குழுவுக்கு. சிக்கலானது சிறப்புக் குழுவுக்கு. அதாவது நோயாளி அறை அறையாக அலைவதற்குப் பதிலாக டாக்டர்கள் ஒரே மேஜைக்கு வர வேண்டும். 2023 அக்டோபரில் அந்நாட்டு சுகாதார சேவை தன் கால அளவுகளைத் திருத்தியபோது, புற்று என்று சந்தேகித்து அனுப்பப்பட்டவருக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் 28 நாட்களுக்குள் கிடைக்க வேண்டும் என்பதை முக்கிய இலக்காக வைத்தது. அங்கேயும் எல்லோருக்கும் அது நடப்பதில்லை. ஆனால் கடிகாரம் யார் கையில் இருக்கிறது பாருங்கள். நாட்களை எண்ணும் பொறுப்பு அங்கே மருத்துவமனைக்கு. இங்கே என் நோட்டுக்கு.

வெளிநாட்டுக்குப் போவானேன்? நம் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழைக் கிழவர்கள் கண்புரை ஆபரேஷனுக்கு வராததற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. பஸ் செலவு, துணைக்கு ஆள், சாப்பாடு, பயம் இவ்வளவும் சேர்ந்தது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆகவே கிராமத்தில் முகாம் போட்டு, அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி வந்து, ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். நோயாளியின் வாழ்க்கையைப் பார்த்து வழியை அமைப்பது என்பது இதுதான்.

புனேயில் எதுவும் இல்லாமல் இல்லை. டேவிட் சாசூன் நன்கொடையில் 1867இல் எழுந்த சாசூன் மருத்துவமனை, 1948 முதல் இருக்கும் ராணுவ மருத்துவக் கல்லூரி, கோண்ட்வாவில் பண்டோராவாலா தொழுநோய் மருத்துவமனை, அறக்கட்டளை மருத்துவமனைகள், மாநகராட்சி டிஸ்பென்சரிகள் என்று வரிசையாக உண்டு. இவற்றுக்கு நடுவே பாதை போடுவதுதான் பாக்கி. என் அனுபவத்திலிருந்து, டாக்டர் நண்பர்கள் சிலரிடம் பேசிச் சரிபார்த்து, சில யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, சேவை புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கக் கூடாது. கட்டு மாற்றும் அறையில் தொடங்க வேண்டும். டிஸ்பென்சரி, தொழுநோய் மருத்துவமனை, தீக்காயப் பிரிவு என்று எங்கே கட்டுப் போட்டாலும், ஆறு வாரத்தில் ஆறாத புண்ணைத் தனியே குறித்து மேலே அனுப்பும் அதிகாரம் நர்ஸுக்கு இருக்க வேண்டும். 2019 முதல் இயங்கும் இ-சஞ்சீவனி போன்ற தொலைமருத்துவ வசதியில் புண்ணின் படத்தைக் காட்டி, தோல் மருத்துவரின் கருத்தை அங்கிருந்தே கேட்கலாம்.

இரண்டு, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் தோல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். வந்த அன்றைக்கே துணுக்கு எடுக்க வேண்டும். ரிப்போர்ட் எந்தத் தேதியில், யாரிடம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணக்கில் இந்த ஒரு மாற்றமே ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கும்.

மூன்று, காப்பீட்டுப் பேப்பர் வேலை பயாப்ஸி அன்றே தொடங்க வேண்டும். முடிவு வருவதற்குள் பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்துவிடலாம். தொழிற்சாலையில் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று என்று வைத்தால் நாள் கூடும். ஒரே சமயத்தில் நடக்கக் கூடியதை ஒரே சமயத்தில் செய்ய வேண்டும்.

நான்கு, நோயாளிக்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் வேண்டும். ‘சந்தேகம் வந்தா இவங்களைக் கூப்பிடுங்க’ என்று சொல்ல ஒருவர். அந்த மராத்தி நர்ஸ் மாதிரி ஒருவர் முதல் நாளிலேயே சித்திக்குக் கிடைத்திருந்தால் நூறு நாள் மிஞ்சியிருக்கும்.

ஐந்து, திரை போட்ட அறை, பெண் ஊழியர், நோயாளி மொழியில் நாலு கேள்விகள். எங்கே கட்டுவீர்கள்? எங்கே உட்கார்ந்து வேலை? முன்பு சுட்டதா? செருப்புப் போடுவீர்களா? இவற்றுக்குப் பதில் எந்த ஸ்கேனிலும் வராது.

ஆறு, வீட்டுக்கு அனுப்பும்போது உடை பற்றிச் சொல்ல வேண்டும். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் அல்லது துணிப் பட்டை, தினமும் கட்டும் இடத்தைச் சற்று மாற்றுவது, வேர்வையைத் துடைத்து உலர வைப்பது. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு முறை தழும்பையும் தொடையிடுக்கையும் பரிசோதிக்க வரச் சொல்ல வேண்டும். கட்டு மாற்ற வீட்டுக்கு அருகிலேயே ஏற்பாடு வேண்டும்.

நம்மால் ஆவது

இவற்றில் பெரும்பகுதி அரசும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை. ஆனால் மூன்று காரியங்களை நம் சங்கமே செய்யலாம். மராத்தியும் தமிழும் நன்றாகத் தெரிந்த, ஓய்வு பெற்ற அன்பர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். மருத்துவமனைக்குத் துணைக்குப் போக ஒரு பட்டியல் தயாரிக்கலாம். ஆண் நோயாளிக்கு ஆண், பெண் நோயாளிக்குப் பெண். அடுத்து, பொங்கல் விழாவுக்குக் கூடும்போது ஒரு மேஜை போட்டு, முதியவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். நோய் வருமுன் செய்ய வேண்டிய மருத்துவம் என்று நான் இதைச் சொல்வேன். மூன்றாவதாக, மகளிர் பிரிவில் ஒரு தோல் மருத்துவரை அழைத்து இடுப்புத் தடம், பழைய தழும்பு, உள்ளங்கால் பற்றிப் பேசச் சொல்லலாம். மடிசார் கட்டும் மாமிகளுக்கும், நவ்வாரி கட்டும் நம் மராத்தி அண்டை வீட்டாருக்கும், வேட்டி கட்டும் ஆண்களுக்கும் இது பொது.

சித்திக்கு ஆபரேஷன் நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் இருக்கிறார். காலில் இறுக்கமான காலுறை, இடுப்பில் நாலு விரல் அகலப் பட்டை வைத்து அவரே தைத்த பாவாடை. கட்கியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதே மாதிரி தைத்துக் கொடுக்கிறார். தைக்க வருகிற பெண்களிடம், அளவெடுக்கும்போதே, “இடுப்ப ஒரு மட்டம் காட்டு தாயி” என்று கேட்டுப் பார்த்துவிடுகிறார். சென்ற வருடம் அப்படிப் பார்த்து ஒரு பெண்ணை டாக்டரிடம் அனுப்பினார். துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை, வெறும் வெடிப்புப் புண். பட்டைப் பாவாடையில் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் இன்றிரவு வீட்டில் அம்மாவிடமோ அத்தையிடமோ ஒரு கேள்வி கேட்டால் போதும். ‘இடுப்புல, கால்ல, பழைய தழும்புல எங்கயாவது ஆறாத புண் இருக்கா?’ என்று. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.